இடமிருந்து வலம்

நாலாவது நாளும் அந்த ஆள் அதே படத்தைத்தான் கேட்டார்.

காப்பாளரம்மாவுக்கு அப்போதே பொறி தட்டிவிட்டது. ஆள் சரியில்லை.

மாவட்டத்தின் பழைய கதை மொத்தமும் இந்த ஆவண அறையில் இருக்கிறது. வெள்ளம் புகுந்த தெருக்கள், முதல் பேருந்து, பள்ளிக்கூடத்துக்கு அஸ்திவாரம் தோண்டிய நாள். அதையெல்லாம் விட்டுவிட்டு, பாலம் கட்டிய ஏழு பேர் வரிசையாக நிற்கும் ஒரே ஒரு படத்தை ஒருவர் நாலு நாளாக முறைத்துக்கொண்டிருந்தால், நல்ல எண்ணமாகவா இருக்கும்?

போன வருடம் இப்படித்தான் ஒரு மகராசன் தேனொழுகப் பேசிவிட்டு, நில வரைபடம் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு போனான்.

அதிலும் இது அவளுடைய அப்பா இருக்கும் படம்.

பாலத்துக்குப் பெயிண்ட் அடித்தவர். அவள் பிறக்க மூன்று மாதம் இருக்கும்போது, அதே பாலத்திலிருந்து விழுந்து போய்ச்சேர்ந்தார். அவள் பேச்சு பழகும் முன்பே அம்மாவும் போய்விட்டாள். வளர்த்த மாமாவும் அவள் இந்தப் படத்தைப் பார்க்கும் முன்பே போய்ச்சேர்ந்துவிட்டார்; இதுதான் அப்பா என்று விரல் நீட்டிக் காட்ட ஒருவரும் இல்லை. வேறு படமும் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, இந்தப் படத்தின் பின்பக்கம் யாரோ பென்சிலால் எழுதியிருந்ததைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றியவள் அவள்தான். இடமிருந்து வலம்: பெயிண்டர் முதலில், கொத்தனார் கடைசியில்.

முதலில் நிற்பவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ராஜா மாதிரி இருப்பார். அவரை மட்டும் பெரிதாக்கி, சட்டம் போட்டு, மேஜைமேல் வைத்திருந்தாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் எங்கப்பா, எங்கப்பா என்று காட்டுவாள். கையோடு, வரிசையின் கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் தூங்குமூஞ்சியையும் காட்டிச் சிரிப்பாள்.

எல்லாரும் சிரிப்பார்கள். இந்த ஆள் மட்டும் முதல் நாள் சிரிக்கவில்லை. அதையும் அவள் மனதில் குறித்துவைத்திருந்தாள்.

பதிவேட்டைப் புரட்டுகிற சாக்கில் கண்கொத்திப் பாம்பாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்தபோது கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை ஆடி முன்பக்கம் திரும்பியது. சட்டென்று பின்பக்கமாகவே திருப்பிப் போட்டுக்கொண்டாள். அதிலிருக்கும் தன் படத்தை யாருக்கும் காட்ட மாட்டாள்.

நிமிர்ந்தால், அவருடைய கை சட்டைக்குள் இருந்தது.

“கையை வெளியே எடுங்க சார்!”

அவர் மெதுவாக எடுத்தார். கையில் ஒரு படம். ஆனால் பாலத்துப் படம் மேஜைமேல் போட்டது போட்டபடி கிடந்தது.

இது வேறு. தலை நரைத்த ஒரு கிழவர், மடியில் பேரக்குழந்தை. அதே நிமிர்ந்த நெஞ்சு. அதே ராஜா.

காப்பாளரம்மாவுக்குத் தலை சுற்றியது. அப்படியென்றால் அப்பா சாகவே இல்லையா? அம்மாவைக் கைவிட்டுவிட்டு எங்கேயோ போய் இன்னொரு குடும்பமா? வளர்த்த மாமாவும் சேர்ந்துகொண்டு பொய் சொன்னாரா? ஒரு நொடியில் செத்தவர்கள் உட்பட அத்தனை பேர்மேலும் சந்தேகம் வந்துவிட்டது.

“இவர் எங்கப்பா மேடம், கொத்தனாரு. மேஜைமேல நீங்க வச்சிருக்கிறதைப் பார்த்துட்டு, எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் நாலு நாளா...”

அவர் பாலத்துப் படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

பென்சில் எழுத்து தாளைத் தாண்டித் தெரிந்தது. எழுதியவர் ஒவ்வொருவர் தலைக்கும் நேர் பின்னால் அவரவர் தொழிலை எழுதியிருக்கிறார். அவளோ, பின்பக்கத்தை இடமிருந்து வலமாகப் படித்து, முன்பக்கத்து ஆட்களுக்கு அதே வரிசையில் கொடுத்துவிட்டாள். வரிசை தலைகீழாகிவிட்டது.

ராஜாவின் தலைக்குப் பின்னால் கொத்தனார் என்று இருந்தது. பெயிண்டர் என்ற எழுத்து அந்தக் கடைசித் தலைக்குப் பின்னால்.

இருபத்திரண்டு வருடமாகச் சிரித்திருக்கிறாள், பாவி.

கழுத்து அட்டையை அவளாகவே திருப்பி, அந்தத் தூங்குமூஞ்சியின் பக்கத்தில் வைத்தாள்.

அட்டைக்கான படத்தை மூன்று தடவை எடுத்தார்கள். மூன்று தடவையும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.