காக்கா போன மீட்டப்

காக்கா கூட்டுக்கு அடியில ஓட்டை விழுந்துடுச்சு. முட்டை எப்ப கீழ உருளுமோன்னு அதுக்குப் பயம். அந்த நேரம் பாத்து, கூடு கட்டற பறவைங்க எல்லாம் கூடிப் பேச ஆலமரத்துல மீட்டப்னு மைனா சொல்லிட்டுப் போச்சு. ஓட்டையை அடைக்க யாராவது கிடைப்பாங்கன்னு, புருஷனைக் காவல் வெச்சுட்டுக் காக்கா கிளம்புச்சு.

அங்க தூக்கணாங்குருவி 'நாளைய கூடு'ன்னு ரொம்ப நேரம் பேசுச்சு. முடிஞ்சதும் எல்லாரும் சமோசா பக்கம் போயிட்டாங்க. காக்கா குருவிகிட்ட போய், "அண்ணே, என் கூட்டுல ஓட்டை. முட்டை விழுந்துடும் போல. ஒரு நடை வந்து பாக்கறீங்களா?"ன்னு கேட்டுச்சு.

"அருமையான பிராப்ளம்மா இது! கண்டிப்பா பேசுவோம்"னு குருவி தன் இறகு ஒண்ணைப் பிடுங்கிக் குடுத்துச்சு. அவங்களுக்கு விசிட்டிங் கார்டு அதுதான். மைனாவும் ஒண்ணு குடுத்து, "டச்ல இருங்கக்கா"ன்னுச்சு. கேட்ட எல்லாரும் இறகு குடுத்தாங்க. வரேன்னு ஒருத்தரும் சொல்லல. குரூப் போட்டோ எடுத்துட்டுக் கலைஞ்சாங்க.

வாய் நிறைய இறகோட காக்கா வீடு வந்துச்சு.

"ஆளைக் கூட்டிட்டு வரலையா?"ன்னு புருஷன் கேட்டுச்சு.

பதில் சொல்ல வாயத் திறந்ததும் இறகெல்லாம் கூட்டுல கொட்டுச்சு. காக்கா கொஞ்ச நேரம் பாத்துட்டு, எல்லாத்தையும் ஓட்டைக்குள்ள திணிச்சுது. அப்புறம் முட்டை அசையவே இல்ல.

அடுத்த மீட்டப்ல காக்காதான் பேச்சாளர். தலைப்பு, 'என் கூட்டைக் காப்பாத்துன நம்ம சமூகம்'. பேசி முடிச்சதும் குயில் ஒண்ணு தயங்கித் தயங்கி வந்துச்சு.

"அக்கா, எனக்குக் கூடே கட்டத் தெரியாது..."

"அருமையான பிராப்ளம்மா இது!"ன்னு காக்கா தன் இறகைப் பிடுங்குச்சு.