ஒரே ஒரு வாய்

கையில் ரப்பர் உறை, மூக்கையும் வாயையும் மூடிய முகக்கவசம். மருமகள் அந்தக் கோலத்தில் வந்து இறாலைத் தட்டில் வைத்ததும் மாமியாருக்குச் சுருக்கென்றது.

"பார்த்தியா லட்சணத்தை? நம்மகிட்டேர்ந்து எதோ ஒட்டிக்குமாம்!" என்று பக்கத்திலிருந்த தங்கையின் விலாவில் இடித்தார்.

"பல் டாக்டர் இல்லையா, அக்கா! நம்மளையும் வாயைத் திறங்கன்னு சொல்லாம இருந்தாச் சரி" என்றார் தங்கை, மருமகளின் காதில் விழும்படியாகவே.

அக்காவும் தங்கையும் கடல் தாண்டி வந்து இறங்கி முழுசாக ஒரு நாள் ஆகவில்லை. மகன் தானாகத் தேடிக்கொண்ட பெண். கல்யாணமும் இந்த ஊரிலேயே, பதிவு அலுவலகத்தில் முடிந்துவிட்டது. மாமியார் அவளை நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அம்மாவுக்குப் பிடிக்குமே என்று இறால், நண்டு, மீன் என ஓட்டலில் சொல்லியிருந்த மகன், சாப்பாடு வந்து சேர்வதற்குள் அவசர வேலை என்று ஆபீசுக்கு ஓடிவிட்டான்.

"வந்த அன்னிக்கே ஓட்டல் சாப்பாடு. கையால ரெண்டு இறாலை வதக்கிப் போட முடியலையாக்கும்?"

"மன்னிச்சுக்குங்க, அத்தை."

"உப்பாவது பார்த்தியா?"

"இல்லை அத்தை. நீங்களே பாருங்க."

பரிமாறி முடித்ததும் அவள் உறைகளைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு பால்கனிக் கதவை விரியத் திறந்து, அதன் ஓரமாகப் போய் நின்றுகொண்டாள். குளிர்காற்று வீட்டுக்குள் பாய்ந்தது.

"வாசனை தாங்கலையோ மகாராணிக்கு?" என்றார் தங்கை. "எங்களோட ஒரே மேசையில உக்காந்தா கௌரவம் குறைஞ்சிடுமா?"

"அப்படி இல்லை, சித்தி. அவர் வரட்டும். அவரே சொல்லுவார்."

"என்னத்தைச் சொல்லுவான்?" மாமியாரின் குரல் ஏறியது. "கல்யாணத்துக்கு முன்னாடி போன்ல ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், பொண்ணுக்கு எதாவது குறை உண்டான்னு. ஒண்ணும் இல்லைம்மா, தங்கம்னான். இவ்வளவு திமிர் இருக்குன்னு சொல்லவே இல்லையே!"

மருமகள் போனை எடுத்துக் கணவனை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை.

"அவனை எதுக்குக் கூப்பிடறே, கோள் சொல்லவா?"

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த மாமியார், மசாலா சொட்டும் இறால் ஒன்றை எடுத்துக்கொண்டு நேரே அவள் எதிரில் போய் நின்றார்.

"என் கையால ஒரே ஒரு வாய் வாங்கிக்கோ. மாட்டேன்னா இப்பவே பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பறேன். அப்புறம் அவனுக்கு அம்மான்னு ஒருத்தி இல்லை."

"அப்படிக் கேளு, அக்கா!"

மருமகள் அந்த இறாலைப் பார்த்தாள். அதைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள். பிறகு, இனி யாருக்காகவும் காத்திருப்பதில்லை என்று முடிவு செய்தவள்போல விடுவிடுவென்று அறைக்குள் போனாள். தடித்த பேனா போன்ற ஒன்றை எடுத்துவந்து, மாமியாரின் இன்னொரு கையில் வைத்து விரல்களை மடக்கினாள்.

"என்னடி இது?"

மருமகள் முகக்கவசத்தை இறக்கிவிட்டாள். அவள் குரலில் கொஞ்சமும் நடுக்கம் இல்லை.

"ஊட்டுங்க அத்தை, இறால் ஒத்துக்காம தொண்டை அடைச்சு நான் கீழே விழுந்ததும் இந்த ஊசியைத் தொடையில குத்திடுங்க."