வெள்ளித்தாள் சுற்றிய ஃபியூஸ்

கேளுங்கள் கண்மணிகளே, பனி கொட்டிய ஒரு பகலில் நல்லைநாதர் வீட்டை வெதுவெதுப்பாக வைக்கும் பாய்லரைப் பார்க்க மெக்கானிக் தயாபரன் வந்தான். பாய்லர் இருந்த சுவருக்கு மறுபக்கம், பிறந்து பதினொரு நாளான பேரப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"மூண்டு தரம் ஃபியூஸ் எரிஞ்சது தம்பி," என்றார் நல்லைநாதர். "பிறகு நானே ஒரு வழி பண்ணிட்டன். ஒரு கிழமையா பாய்லர் நிண்டதே இல்லை."

"பின்னை ஏனய்யா என்னைக் கூப்பிட்டனீங்கள்?"

"மருமகளுக்கு ஏதோ கருகுற மணம் வருதாம். பிள்ளை பெத்தவளுக்கு எல்லாம்தான் மணக்கும்."

தயாபரன் மூடியைக் கழற்றினான். எரிந்த ஃபியூஸைச் சுற்றி டாஃபியின் வெள்ளித்தாள் பளபளத்தது; மின்சாரம் மிஞ்சினால் அறுந்து தடுக்க அங்கே இப்போது எதுவும் இல்லை. அதிலிருந்து சுவருக்குள் போன வயர் கறுத்திருந்தது.

"சண்டைக் காலத்திலை ஊரிலை இப்பிடித்தானே சமாளிச்சனாங்கள்," என்று நல்லைநாதர் சிரித்தார்.

தயாபரன் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தான். திரும்பி வந்து சுவரில் உள்ளங்கையை வைத்தான்.

"நீங்களும் வையுங்கோ ஐயா."

சுவர், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றிபோல் இருந்தது. இருவரும் கையை எடுக்காமல் நின்றார்கள். மின்சாரம் நின்ற பிறகும் சூடு ஏறிக்கொண்டே வந்தது; சுவருக்குள் நெருப்பு பற்றியிருந்தது.

"அந்தப் பக்கம் ஆர் ஐயா படுக்கிறது?"