ஐந்து தட்டு

"பேச வராதவனுக்கு வைத்தியம் உண்டு, பேச மாட்டேங்கிறவனுக்கு..."

பேச்சுப் பயிற்சி தரும் வேலையில் காலின் சேர்ந்த புதிதில் ஒரு மூத்தவர் அடிக்கடி இப்படிச் சொல்வார். மீதி காலினுக்கு மறந்துபோயிற்று. இன்றைக்கு அந்தப் பாதியே போதுமாக இருந்தது.

எதிரே எர்னஸ்ட் டோர்டாஃப். ஹாலிஃபாக்ஸில் நாற்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதித்தவர். பக்கவாதத்தில் பேச்சு குழறிப்போயிருந்தது. இன்று பரீட்சை. பத்து சொல்லில் எட்டு சரியாக வந்தால் பயிற்சி முடிந்தது. வராவிட்டால் இன்னும் ஆறு வாரம்.

நீளமான சொல்லை அசை அசையாகப் பிரித்து, அசைக்கு ஒன்றாக மேசையில் தட்ட வேண்டும். அழுத்தம் விழும் அசைக்கு ஓங்கித் தட்ட வேண்டும்.

"இம்-மீ-டி-யட்-லி. ரெண்டாவதுல ஓங்கி. எங்கே, சொல்லுங்க."

"இம்... டி... லி." மூன்றே தட்டு.

காலின் பேனாவைக் கீழே வைத்தார். காலையிலிருந்து இவர் ஏழாவது ஆள். மத்தியானச் சாப்பாட்டு வேளை ஒன்றில்தான் காலினுக்கு வாயை மூடிக்கொண்டு உட்காரக் கிடைக்கும்.

"போன வாரம் பயிற்சியில ஒன்பது சரி. இன்னிக்கு ரெண்டு. யாரை ஏமாத்துறீங்க, இன்ஸ்பெக்டரே?"

காலின் காத்திருப்போர் பட்டியலை அவர் முன்னால் தள்ளினார்.

"முப்பது பேர் இந்த இடத்துக்குக் காத்துக்கிட்டிருக்காங்க. டிக்கெட் இல்லாம ஏறினவங்க எத்தனை பேரை மழையில இறக்கிவிட்டிருப்பீங்க? இப்ப நீங்க பண்றதுக்குப் பேரு என்ன?"

கிழவர் பாதி வாயால் சிரித்தார். இடது கையைத் தூக்கிக் கண்ணாடிக் கதவைக் காட்டினார்.

வெளியே நாற்காலியில் அவர் மனைவி வின்னி. ஒரு காலணி கழன்று கிடக்க, வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

எர்னஸ்ட் மேசையில் தட்டினார். ஐந்து தட்டு, இரண்டாவது ஓங்கி.

"அன்-ஃபார்-சு-நெட்-லி, தம்பி."

ஒரு பிசிறில்லை.

"எனக்கு மூச்சு வருதான்னு பார்த்துக்கிட்டே ராத்திரி பூரா முழிச்சிருக்கா. இங்க நீ பார்த்துக்குவேன்னு ஒரு தைரியம். வாரத்துல இந்த ஒரு மணி நேரம்தான் தூங்குறா. இறக்கிவிடணும்னா விடு."

காலின் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. அது தீரும் வரை இருவரும் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு காலின் தாளில் 'தேறிவிட்டார்' என்று எழுதி, அந்த இடத்தை வரிசையில் அடுத்தவருக்குக் கொடுத்தார்.

தன் டைரியைத் திறந்து, வியாழக்கிழமைதோறும் மத்தியானச் சாப்பாட்டு வேளைக்கு எதிரே 'டோர்டாஃப்' என்று எழுதிக்கொண்டார்.