தருமனின் பக்கம்

2008இல் திருவண்ணாமலை மாவட்ட நூலகர்கள் சேர்ந்து, உள்ளூர் எழுத்தாளர்களைப் பற்றி இணையத்தில் ஒரு விக்கி தொடங்கினார்கள். அதைக் கேள்விப்பட்டு, காவி வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் நூலகர் மதிவதனியிடம் வந்தார்.

"என் பேரு தருமன். ரெண்டு கவிதை புக் போட்டிருக்கேன். அதுல நான் இருக்கேனாம்மா?"

பக்கத்தைத் திறந்த மதிவதனி திடுக்கிட்டாள்.

"மன்னிச்சிடுங்க ஐயா. நீங்க இறந்துட்டதா போட்டிருக்காங்க. இதுல எந்த நூலகர் வேணா திருத்தலாம். இப்பவே மாத்திடறேன்."

"என்னைக்குச் செத்தேனாம்?"

"எண்பத்தொம்பது, ஜூன் பன்னெண்டு."

பெரியவரின் முகம் வெளிறியது.

"யாரும்மா எழுதினது?"

எழுதியவர்களின் பெயர்ப் பட்டியலை அவள் பார்த்தாள்.

"கிளை நூலகர் அறிவுச்செல்வன். எப்படி இப்படி எழுதினாருன்னு போன் பண்ணிக் கேக்கறேன்."

"வேணாம்மா. அவன் என் பையன்."

மதிவதனி எடுத்த போனைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்குத்தான் அவனை ஆறாங்கிளாஸ்ல சேர்த்தேன். சாயந்திரம் கூட்டிட்டுப் போக வரேன்னு சொல்லிட்டு, பள்ளிக்கூட வாசல்லயே பஸ் ஏறி இந்த மலைக்கு வந்துட்டேன்."

"அப்புறம் வீட்டுக்குப் போகவே இல்லீங்களா?"

அவர் இல்லையென்று தலையாட்டினார்.

"அவன் எழுதினது சரிதாம்மா. மாத்தாதே."