பெரிய என்ஜின்

"தோட்டத்து லொறிக்கு உங்க கைக்காசைப் போட்டு என்ஜின் கட்டுறீங்களே, எதுக்குண்ணே?"

றக்வான டவுன் பழைய இரும்புக் கடையில் தேடி எடுத்த பிஸ்டன்களைத் துடைத்தபடி கேட்டான் மெக்கானிக் ரொபர்ட். டிரைவர் அருளப்பன் அடுத்த பிஸ்டனை எடுத்துக் கொடுத்தார்.

"ஃபெக்டரிக்கு இறக்கம்தானே? தேயிலைக் கொழுந்து கொண்டு போக பழைய என்ஜினே போதும்."

"மேட்டுல நிக்கக் கூடாது தம்பி."

ரொபர்ட்டுக்கு ஒன்றுமே புரியவில்லை. கடைசி போல்ட்டை முறுக்கி ஸ்டார்ட் செய்ததும் என்ஜின் உறுமியது.

"இனி எவ்வளவு பாரமும் இழுக்கும். அப்படி என்னதான் ஏத்தப் போறீங்க?"

"ஒரே ஒரு ஆள்."

அருளப்பன் என்ஜினை அணைத்தார்.

"போன வருஷம் மூத்த மகளைப் பிரசவத்துக்கு இதுலதான் ஏத்திக்கிட்டுப் போனேன். மேட்டுல லொறி நின்னுபோச்சு. அவ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவே இல்ல. இப்ப சின்னவளுக்கு ஒம்பதாம் மாசம்."