உப்பில்லாத எழுபது நாள்

கழிவறைக் கதவைத் தாழிட்டுவிட்டு உப்பை வாயில் போட்டான்.

கல் உப்பு. பிள்ளைகளின் சமையலுக்கென்று இசக்கி ஒளித்து வைத்திருக்கும் ஜாடியிலிருந்து ஒரு பிடி. காகிதத்தில் மடித்து, சட்டைப் பையில் மதுரைவரை கொண்டுவந்திருந்தான்.

கடித்தான். குமட்டியது. விழுங்கினான்.

எழுபது நாள் உப்பு படாத நாக்கு. எரிந்தது.

உப்பு தின்றால் பி.பி. ஏறும். எல்லோரும் சொல்வதுதான். எவ்வளவு நேரத்தில் ஏறும் என்று யாரும் சொன்னதில்லை.

வெளியே பெஞ்சில் இருபது பேர். எல்லோரும் வளைகுடாவுக்குப் போகிறவர்கள். மெடிக்கலில் தேறினால்தான் விமானம் ஏற முடியும். ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் காலையிலேயே முடிந்துவிட்டன. மிச்சம் பி.பி. மட்டும்.

இந்த விசாவுக்கு அவனுக்கு இது இரண்டாவது தடவை.

முதல் தடவை நூற்று எழுபது இருந்தது. சிவப்பு முத்திரை குத்தினார்கள். அன்ஃபிட். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதான். தப்பித்துவிட்டோம் என்று அழுதான்.

பக்கத்தில் இருந்த இசக்கி, புருஷன் ஏமாற்றத்தில் அழுகிறான் என்று நினைத்தாள்.

"விடுங்க. நான் எறக்கிக் காட்டுதேன்" என்றாள்.

மறுநாள் ஐந்து மணிக்கு எழுப்பினாள்.

பள்ளிக்கூட மைதானத்தில் இருபது சுற்று. அவள் மடியில் இருபது புளியங்கொட்டை. சுற்றுக்கு ஒன்றாகக் கீழே போடுவாள். ஏமாற்ற வழியில்லை.

"இன்னும் நாலு கொட்டதான். என்ன, பாரவண்டி மாதிரி வாறீய?"

பீடி போனது. கருவாடு போனது. ஊறுகாய் போனது. அவளும் உப்பில்லாமல் தின்றாள். எதற்கென்று கேட்டான்.

"கூட்டுக்குத்தான். நீங்க தனியா தின்னா எறங்குமா?"

பதினோரு கிலோ குறைந்தான். புது மாப்பிள்ளை மாதிரி இருக்கிறாய் என்றார்கள்.

சொல்லிவிடலாம் என்று பல தடவை வாயெடுத்தான். கட்டத் தொடங்கிய வீடு ஜன்னல் மட்டத்தில் நிற்கிறது. விசா அவள் அண்ணன் வாங்கிக் கொடுத்தது. எதிரே அவள் சப்பென்ற சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பாள்.

தன் தட்டை இழுத்துக்கொள்வான்.

வளைகுடாவில் ஏற்கெனவே ஆறு வருஷம் இருந்தவன். குளிர்கிடங்கில் இரவு வேலை. பகலில் தகரக் கொட்டகையில் தூக்கம். அடுக்குக் கட்டிலில் இவன் கீழே. மேலே கடையநல்லூர் மைதீன் பிச்சை. தினமும் நூறு தண்டால் எடுப்பார். சிகரெட் கிடையாது. டீக்குச் சீனிகூடக் கிடையாது. ஒருநாள் வேலை முடிந்து வந்து படுத்தார். சாயங்காலம் எழுப்பப் போனபோது விறைத்திருந்தார்.

பகல் முழுக்க அவருக்குக் கீழே தூங்கியிருக்கிறான்.

நன்றாகத் தூங்கினான். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மைதீன் பிச்சையின் மெடிக்கல் தாளிலும் ஃபிட் என்றுதான் இருந்தது.

கூட இருந்தவர் ஒருவர் இறந்துபோனார் என்பதுவரை இசக்கிக்குத் தெரியும்.

பெயரைக் கூப்பிட்டார்கள்.

அவனுக்கு முன்னால் ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்து கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"இன்னொருக்கா பாருங்க மேடம். பஸ்ல வந்த படபடப்பு."

"ஏண்ணே, பொண்ணு பாக்க வந்த மாதிரி இப்பிடி வேர்க்குது? பத்து நிமிசம் உக்காந்துட்டு வாங்க. அதுக்குள்ள அடுத்த ஆளப் பாக்குறேன்" என்றாள் பி.பி. பார்க்கும் பெண்.

அவன் எழுந்தான். இவன் உட்கார்ந்தான்.

கையில் பட்டை இறுகியது. கால் விரல்களை மடக்கினான். மூச்சைப் பிடித்தான்.

"நூத்திப் பதினெட்டு, எழுபத்தாறு. சூப்பர்ணே. டெய்லி ஓடுவீங்களோ?"

"இன்னொருக்கா பாருங்க."

"எதுக்கு? நார்மல்ணே."

"பாருங்கம்மா."

நிமிர்ந்து பார்த்தாள். "கூடுனவங்கதான் இப்பிடிக் கேப்பாங்க. நார்மலுக்குக் கேக்குற மொத ஆளு நீங்கதான்."

சிரித்துக்கொண்டே மறுபடி பட்டையைச் சுற்றினாள்.

மேல் கட்டிலை நினைத்தான். அதிலிருந்து இறக்கியபோது மடங்காத முழங்காலை நினைத்தான். இனி படுக்கப்போகும் கட்டிலை நினைத்தான். எல்லாவற்றையும் நினைத்தான்.

இதயம் தன் பாட்டுக்கு, நிதானமாக, மைதானத்தில் பழகியபடி அடித்துக்கொண்டிருந்தது.

"நூத்திப் பதினாறு."

இரண்டு குறைந்திருந்தது.

வாசலில் வேப்பமரத்தடியில் இசக்கி நின்றாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் முகம் வாடியது. தாளை நீட்டினான். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. முத்திரை பச்சையாக இருந்தது.

"அழாதீங்க. அதான் கெடச்சிட்டுல்லா" என்றாள். அவளும் அழுதாள்.

மரத்தடியிலேயே தூக்குவாளியைத் திறந்தாள். தயிர்ச்சோறு. மாங்காய் ஊறுகாய்.

"காலைல ஜாடில ஒரு பிடி கொறஞ்சிருந்திச்சு. நாக்கு கேக்காம தின்னுட்டீயன்னு பதறிப்போனேன். கேட்டா அதுலயும் ஏறிருமேன்னு பேசாம வந்தேன்." மூக்கைச் சிந்தினாள். "இன்னைக்கு உப்பு போட்டிருக்கேன். சரியா இருக்கா?"

வாய் எரிந்துகொண்டிருந்தது. சோற்றில் எதுவும் தெரியவில்லை.

"இருக்கு."

அவள் ஒரு வாய் அள்ளிப் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். எழுபது நாளுக்குப் பிறகு முதல் வாய்.

பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"அங்க போயும் விடக்கூடாது, என்ன? இருபது சுத்து."

புளியங்கொட்டைகளை அவன் சட்டைப் பையில் கொட்டினாள்.

பையின் அடியில் சிந்திய மிச்ச உப்பு கசிந்து ஈரமாக இருந்தது.